மணலில் படுத்து நீந்தக் கூடாது

மார்ச் 3, செவ்வாய்

இன்று வகுப்பில் புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். கடல் சத்தம் கேட்கிற வீட்டில் பிறந்து, நாற்பது வயதாகியும் முழங்காலுக்கு மேல் நனையாதவள். "மிஸ், நான் பாறை மாதிரி. போட்டா நேரா அடிக்குப் போயிடுவேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. இனி அவள் பாறைதான்.

என் வகுப்பில் முதல் சில நாள் தண்ணீர் கிடையாது. மணலில் குப்புறப் படுத்துக் காலை உதைக்க வேண்டும், கையை வீச வேண்டும், தலையைத் திருப்பி மூச்சு வாங்க வேண்டும். ஒரு டஜன் பெண்கள் பழைய டி-ஷர்ட்டும் டிராக் பேண்ட்டுமாக வரிசையில் படுத்து மணலை உதைப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். வரட்டுமே. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராகக் குப்பை கொட்டியவள் நான். மணலில் பழகிய உடம்பு தண்ணீரில் பதறாது என்பது எனக்குத் தெரியும்.

எதிரே கடலோர வீடுகள், எல்லாமே கண்ணாடிச் சுவர் வைத்தவை. கடைசி வீட்டுப் பல் டாக்டர் மாடியில் கோப்பையும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையசைத்தேன். அவர் அசைக்கவில்லை.

திரும்பும்போது, வீடுகளை ஒட்டிக் கடலுக்குப் போகும் பொதுப்பாதையின் முனையில் இரண்டு பேர் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்றேன். "போர்டு வைக்க" என்றார்கள். என்ன போர்டு என்று அவர்களுக்கே தெரியவில்லை.

மார்ச் 4, புதன்

குழியில் கம்பம் நின்றுவிட்டது. போர்டு இன்னும் வரவில்லை. எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

மார்ச் 7, சனி

போர்டு வந்துவிட்டது. நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து. வீடுகளின் முன்சுவரிலிருந்து நீர் விளிம்பு வரையிலான மணலில், காசு வாங்கிக்கொண்டு நடத்தும் பயிற்சி, விற்பனை, வாடகை எதற்கும் அனுமதி கிடையாதாம். நகராட்சி உத்தரவு.

டீ வண்டிக்காரர் படித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டார். எனக்கு அப்படிப் போக வராது. நேரே பல் டாக்டர் வீட்டு வாசலுக்குப் போய் மணியை அழுத்தினேன்.

மரியாதையானவர். அதுதான் எரிச்சல். உள்ளே வரச் சொன்னார், நான் போகவில்லை.

"உங்க மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லம்மா. முப்பது வருஷமா மத்தவங்க வாயையே பாத்துட்டிருந்தேன். இனிமே கடலைப் பாக்கணும்னுதான் இந்த வீட்டைக் கட்டினேன். காலைல ஜன்னலைத் திறந்தா பத்துப் பன்னெண்டு பேர் மணல்ல படுத்து உதைக்கிறாங்க."

"நீச்சல் கத்துக்கறாங்க சார்."

"தண்ணில கத்துக்கலாமே."

"தண்ணில இறங்கப் பயப்படறவங்களுக்கு மணல்லதான் சார் ஆரம்பிக்கணும்."

"நீங்க காசு வாங்கறீங்க. அப்ப அது தொழில். தொழிலுக்கு இது இடம் இல்ல. அவ்வளவுதான்."

ஆமாம், காசு வாங்குகிறேன். ஏன் வாங்கக் கூடாது? அவர் பல் பிடுங்கியது புண்ணியத்துக்கா? இதை அங்கேயே கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அரிசி கழுவும்போதுதான் தோன்றியது. எனக்கு நல்ல பதில்கள் எப்போதும் சமையலறையில்தான் வரும்.

மார்ச் 9, திங்கள்

தம்பி இன்று சீக்கிரம் வந்துவிட்டான். நகராட்சியில் வரிப் பிரிவில் குமாஸ்தா. எங்கள் இருவருக்கும் இந்த வீடுதான். முன்னறை அவனுடையது, பின்னறை என்னுடையது, சண்டை போடச் சமையலறை. வந்ததும் செருப்பைக்கூட நேராக வைத்தான். ஏதோ சொல்ல வந்திருக்கிறான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு அடக்கி வாசி."

"உன் மேலதிகாரி சொல்லச் சொன்னாரா?"

"சொல்லச் சொல்லல. 'அது உங்க அக்காதானே'ன்னு மட்டும் கேட்டார்."

அவனுக்கு அது போதும். யாராவது புருவத்தை உயர்த்தினால் இவன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வேறு இடத்தில் வகுப்பு நடத்தலாமே என்றான். எங்கே? வடக்கே போனால் பாறை. தெற்கே துறைமுக வாய், இழுத்துக்கொண்டு போய்விடும். ஹோட்டல் குளத்தில் நீச்சல் உடை போட்டால்தான் விடுவார்கள். என் வகுப்பில் ஒருத்தியும் அதைப் போட்டுக்கொண்டு நிற்க மாட்டாள். இந்த ஊரில் அலை அடங்கி, இடுப்பளவு தண்ணீர் நெடுந்தூரம் சமமாக நிற்கிற இடம் அந்த வீடுகளுக்கு முன்னால் மட்டும்தான். அதனால்தான் அவர்களும் அங்கே வீடு கட்டினார்கள்.

இதெல்லாம் சொன்னேன். "எனக்குத் தெரியாதா" என்றான். பிறகு சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

மார்ச் 12, வியாழன்

வீட்டுக்காரர்கள் சங்கம் ஒரு காவலாளியை வைத்திருக்கிறது. காக்கிச் சட்டை, பளபளவென்று ஷூ, கழுத்தில் விசில். நாங்கள் மணலில் படுத்த மறு நிமிடம் ஊதினார். எழுந்தோம். துண்டை விரித்தோம், ஊதினார். கண்டக்டர் — பஸ்ஸில் ஓடுகிறவள், அவள் குரலுக்கு விசிலே தேவையில்லை — திருப்பிக் கத்தினாள். ஹெட்மிஸ்ட்ரஸ் (நிஜமாகவே ஹெட்மிஸ்ட்ரஸ், என் வகுப்பில் மட்டும் மாணவி) அவரிடம் போய், "உங்க உச்சரிப்பைத் திருத்திக்கிட்டு அப்புறம் வந்து பேசுங்க" என்றாள். அவர் பாவம், பேசவே இல்லை, ஊதத்தான் செய்தார்.

கடைசியில் கலைந்து போனோம். பாறை மட்டும் தயங்கி நின்று, "மிஸ், நான் நாளைலேர்ந்து வரணுமா?" என்று கேட்டாள்.

வரணும் என்றேன். எங்கே என்று சொல்லவில்லை. எனக்கே தெரியாதே.

மார்ச் 14, சனி

மீண்டும் போர்டின் முன் போய் நின்றேன். கண்டக்டரும் கூட வந்தாள். டிக்கெட்டில் இருக்கிற பொடி எழுத்தையெல்லாம் படித்துப் பழகியவள். விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தவள் நிறுத்தினாள்.

"மிஸ், நீர் விளிம்பு வரைக்கும்தான் போட்டிருக்கு. அதுக்கு அந்தாண்ட?"

அதற்கு அந்தாண்டை ஒன்றும் இல்லை.

மாலையில் தம்பியைப் பிடித்தேன். மெதுவாகச் சொன்னான். முதலில் எழுதியதில் தண்ணீரும் சேர்ந்துதான் இருந்ததாம். சங்கத்துக்காரர்கள்தான் கடலை விட்டுவிடச் சொன்னார்களாம். நாலைந்து வீடுகளில் விருந்தாளிகளுக்கு மாடியை வாடகைக்கு விடுகிறார்கள். அவர்கள் ஓட்ட வாட்டர் ஸ்கூட்டரும் வாடகைக்கு உண்டு. கடலையும் தடையில் சேர்த்தால் அதுவும் போய்விடும்.

நான் சிரித்ததில் தம்பிக்குப் பயம் வந்துவிட்டது. "அக்கா, என்ன பண்ணப் போற?"

"சார் சொன்னபடிதான். தண்ணில கத்துக் குடுக்கப் போறேன்."

மார்ச் 16, திங்கள்

இன்று முழு வகுப்பும் கடலுக்குள். பொதுப்பாதையில் இறங்கினோம். மணலில் நிற்காமல், உட்காராமல், ஒரு துண்டுகூட விரிக்காமல், ஏதோ கல்யாண வீட்டுக்குள் போகிறவர்கள் மாதிரி வரிசையாக நடந்து தண்ணீருக்குள் போய் நின்றோம். வணக்கம் சொன்னது தண்ணீரில். வருகை எடுத்தது தண்ணீரில். கண்டக்டர் மாதக் கட்டணத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அதையும் இடுப்பளவு தண்ணீரில் நின்று வாங்கிக்கொண்டேன், கையை உயர்த்தி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

காவலாளி நீர் விளிம்பில் வந்து நின்றார். "மேடம், கரைக்கு வாங்க, பேசணும்."

"கரைக்கு வந்தா தொழில் ஆயிடும். நீங்க வாங்க."

ஷூவைப் பார்த்தார். ஒரு அலை வந்தது, பின்வாங்கினார்.

மணல் இல்லாமல் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் ராத்திரியெல்லாம் யோசித்திருந்தேன். குப்புற வேண்டாம், மல்லாத்திப் பார்ப்போம் என்று பாறையின் தலைக்கடியில் ஒரு கையும் முதுகுக்கடியில் ஒரு கையும் கொடுத்தேன். உடம்பெல்லாம் விறைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "விட்றாதீங்க மிஸ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். விடவில்லை. ஆனால் இத்தனை வருஷம் இதை ஏன் முதலில் செய்யவில்லை என்று தோன்றியது. தடை போட்டவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

இதை எழுதும்போதே கை சிரிக்கிறது.

நேற்று அமாவாசை. அந்த நாட்களில் காலையில் கடல் நன்றாக ஏறும். மணல் முழுதும் முங்கி, தண்ணீர் வீடுகளின் சுவரை ஒட்டிவிடும். நான் இதை யோசிக்கவேயில்லை. வழக்கம்போல் போனோம். நீர் விளிம்பு எங்கே என்று பார்த்தால், பல் டாக்டர் வீட்டுப் படிக்கட்டில். இடுப்பளவு தண்ணீர் எங்கே என்று பார்த்தால், அவர் சாப்பாட்டு மேஜையின் ஜன்னலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை.

போர்டு என்ன சொல்கிறதோ அதன்படி நின்றோம். பன்னிரண்டு தலைகள். "ஒண்ணு, ரெண்டு, மூச்சு" என்று நான் எண்ண, அவர்கள் திருப்பிச் சொல்ல, கண்ணாடிச் சுவரில் பட்டு அது இரண்டு மடங்காகக் கேட்டது. பாறை மல்லாந்து கிடந்தவள் கண்ணைத் திறந்ததும் நேரே மேலே பல் டாக்டர். கையில் ரொட்டித் துண்டு.

"குட் மார்னிங் சார்" என்றாள் பாறை, படுத்தபடியே.

அவர் ஜன்னலைத் திறந்தார். "இது நியாயமா?"

"நீங்கதான் சார் தண்ணில கத்துக்கச் சொன்னீங்க."

"இவ்வளவு கிட்டத்திலயா?"

"கடல் உங்ககிட்ட வந்துடுச்சு சார். நாங்க அது கூடவே வந்தோம்."

திரையை இழுத்து மூடினார். பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம்தான்.

மார்ச் 21, சனி

இன்றும் கடல் ஏறியது. நாங்களும்.

மார்ச் 27, வெள்ளி

சிரிப்பெல்லாம் போன வாரத்தோடு சரி.

இந்த வாரம் காலையில் கடல் இறங்கியிருக்கிறது. நீர் விளிம்பு தூரத்தில். அந்தச் சமதரை முடிகிற இடம் அது, அங்கே தரை சட்டென்று இறங்குகிறது. மணலில் உட்கார்ந்து இளைப்பாறவும் முடியாது. ஒரு மணி நேரம் தொடர்ந்து தண்ணீருக்குள் நிற்பது எனக்குச் சரி, அவர்களுக்கு? பாறை ஒரு அடி தவறி வைத்தாள். தலை முங்கியது. பிடித்துத் தூக்குவதற்குள் நாலு வாய் குடித்துவிட்டாள். தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு மணலுக்கு வந்து கிடத்தினேன். இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்து — சே, என் வீம்புக்கு இவள் உசிரைப் பணயம் வச்சேனே, என்ன பொம்பளை நான்.

காவலாளி ஓடி வந்தார். விசில் வாயில் இருந்தது. பாறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விசிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முதுகைத் திருப்பி வீடுகளைப் பார்த்தபடி நின்றுவிட்டார். அவள் எழுந்து உட்காரும் வரை அப்படியே நின்றார்.

பாறை பேசத் தொடங்கியதும் கேட்டது, "மிஸ், மறுபடி எப்போ?"

இனி கடிகாரம் பார்த்து வகுப்பு இல்லை. கடல் ஏறும் நேரம் எதுவோ அதுதான் நேரம். அது மத்தியானம் ஆனாலும் சரி.

ஏப்ரல் 3, வெள்ளி

தம்பியோடு பெரிய சண்டை.

ஜன்னல் விவகாரம் நகராட்சி வரைக்கும் போய்விட்டது. அவனைத் தண்ணீர்த் தொட்டிப் பிரிவுக்கு மாற்றலாமா என்று யாரோ யாரிடமோ கேட்டார்களாம். ஊருக்கு வெளியே, பஸ் மாறிப் போக வேண்டிய இடம்.

"உன் வகுப்புக்கு நான்தான் பலியா?" என்றான்.

"நான் சட்டத்தை மீறலடா."

"அதான் பிரச்சனையே. மீறியிருந்தா அபராதம் கட்டிட்டுப் போயிருக்கலாம். நீ அவங்களைச் சிரிக்க வச்சுட்ட. ஊரே சிரிக்குது."

"சிரிச்சா உனக்கென்ன?"

"எனக்கென்னவா? தினமும் அந்த வராந்தாவுல நடக்கறது நானா நீயா?"

பாத்திரத்தை உருட்டினேன். இப்போது எழுதும்போது தெரிகிறது: அவன் சொன்னதில் ஒரு பங்கு சரி. மீதி முழுக்கத் தப்பு. பயந்தே ஒரு ஆயுளை ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறானே, அது தப்பு.

ஏப்ரல் 10, வெள்ளி

நகராட்சிக் கூட்டம். சங்கத்துக்காரர்கள் முன்வரிசை. நாங்கள் வேலையிலிருந்து நேராக வந்தவர்கள், பின்வரிசை. தம்பி ஓரமாக ஃபைலோடு நின்றான், என்னைத் தெரியாதவன் மாதிரி.

பல் டாக்டர் நன்றாகப் பேசினார். நாங்கள் யாருக்கும் எதிரி இல்லை, கடற்கரை எல்லோருக்கும் பொது, ஆனால் ஒழுங்கு வேண்டும், இன்று நீச்சல், நாளை சந்தைக்கடை. தலைகள் ஆடின.

நான் எழுந்தேன். தயாரித்தது எல்லாம் மறந்துவிட்டது. "எங்க சத்தம் உங்க காலைக் காப்பியைக் கெடுக்குதுன்னா அதைப் பேசலாம் சார். மெதுவா எண்ணச் சொல்லுங்க, எண்ணுறேன். ஆனா உங்க விருந்தாளி ஸ்கூட்டர் எங்க தலைக்குப் பக்கத்துல உறுமிட்டுப் போறப்ப அது ஒழுங்கு, இஸ்திரிக்காரி மணல்ல கால் நீட்டினா அது தொழிலா? காசுதான் காரணம்னா ரெண்டுமே தொழில். பொது இடம்தான் காரணம்னா ரெண்டு பேருமே பொது. எந்தக் கணக்குன்னு ஒண்ணு சொல்லுங்க."

ஹெட்மிஸ்ட்ரஸ் கையைத் தூக்கி, "கேள்விக்குப் பதில் வரலை" என்றாள். பரிசீலிக்கிறோம் என்று கூட்டத்தை முடித்தார்கள்.

தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை. அது மட்டும் உறுத்துகிறது.

ஏப்ரல் 18, சனி

தம்பி ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் பல்.

"அக்கா, முடிச்சுட்டேன்."

எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. பொதுப்பாதையை ஒட்டி மணலில் ஒரு இடம், தண்ணீர் வரை, நாலு பக்கமும் கம்பம் நட்டுக் கயிறு கட்டி. 'பெண்கள் நீச்சல் பயிற்சி' என்று போர்டு. மணலில் படுக்கலாம், உதைக்கலாம், இளைப்பாறலாம். விசில் கிடையாது. இதற்காக மூன்று அறைகளில் ஏறி இறங்கி, பேசவே பேசாத என் தம்பி பேசியிருக்கிறான்.

"அவங்க எப்படிடா ஒத்துக்கிட்டாங்க?"

"அவங்களுக்கும் அந்தப் பக்கம் ஒரு இடம் கயிறு கட்டிக் குடுக்கறாங்க. ஸ்கூட்டர், நாற்காலி எல்லாம் போட."

"நடுவுல?"

"நடுவுல சாக்கடை ஓடை வந்து விழுற இடம் இருக்கே. அது பொது."

அது அவர்கள் பாடு என்று விட்டுவிட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. இங்கே பொய் எழுதி யாரை ஏமாற்ற? ரொட்டியை இரண்டு பேரும் நின்றபடியே தின்று தீர்த்தோம்.

ஏப்ரல் 22, புதன்

கயிறு கட்டினார்கள். மணலில் கால் நீட்டி உட்கார்ந்தபோது கண்டக்டர், "இப்பதான் மிஸ் இடுப்பு இடுப்பா இருக்கு" என்றாள். பாறை இன்று என் ஒரு விரல் ஆதாரத்தில் மிதந்தாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

ஞாயிறு என்பதால் கடற்கரையில் கூட்டம். எல்லோரும் அந்த ஓடைப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நாற்றம் தெரிந்தாலும் வேறு வழியில்லை. வகுப்பு நடுவில், கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை. வெகு நேரமாக நின்றிருப்பாள் போல. நான் திரும்பியதும் கேட்டாள்.

"மேடம், பிள்ளை காலை நனைக்கணும்னு அழுவுது. கொஞ்சம் உள்ள வரலாமா?"

கடலுக்குப் போக என்னிடம் கேட்கிறாள்.

நான் என்ன சொன்னேன்? "வகுப்பு நடக்குதும்மா. கொஞ்சம் கழிச்சு வாங்க."

இதுதான் சொன்னேன். மரியாதையாக, பல் டாக்டர் மாதிரியே. அவளும் "சரிங்க மேடம்" என்று போய்விட்டாள். வகுப்பு முடிந்து தேடினேன், இல்லை.

யாருடி நீ, அவளை அப்புறம் வரச் சொல்ல? கடலை உங்கப்பன் எழுதிக் குடுத்தானா?

சாப்பிடப் பிடிக்கவில்லை. தம்பி இரண்டு தடவை என்ன ஆச்சு என்று கேட்டான். சொல்லவில்லை. சொன்னால் அவன் முகம் என்ன ஆகும் என்று தெரியும்.

ஏப்ரல் 27, திங்கள்

கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

வகுப்பில் முதலில் கேட்டேன். என் ஒருத்தி முடிவு இல்லையே இது. நேற்று நடந்ததைச் சொன்னேன். ஹெட்மிஸ்ட்ரஸ் மட்டும், "அனுமதி போயிடுமே" என்றாள். போகும் என்றேன். மறுபடி ஒரு மணி நேரமும் தண்ணீரில் நிற்க வேண்டும், மணலில் உட்கார முடியாது. பாறை எழுந்து போய் முதல் முடிச்சில் கை வைத்தாள். இஸ்திரிப் பெட்டி பிடித்த கை; எப்பேர்ப்பட்ட முடிச்சும் நிற்கவில்லை. கயிற்றைச் சுருட்டி, போர்டைக் கழற்றி, கண்டக்டர் தோளில் வைத்து நகராட்சி வாசலில் கொண்டுபோய் இறக்கினோம்.

தம்பி படியில் நின்று பார்த்தான்.

வீட்டில்தான் வெடித்தான். "எத்தனை பேர் கிட்ட கெஞ்சினேன் தெரியுமா? என் வாழ்நாள்ல நான் ஒரு விஷயத்துக்காவது யார்கிட்டயாவது போய் நின்னிருக்கேனா? உனக்காக நின்னேன். நீ அதைச் சுருட்டி வாசல்ல போட்டுட்டுப் போற."

அதற்குப் பதில் என்னிடம் இல்லை. சமையலறையில்கூட.

"கடலுக்குப் போகட்டுமான்னு ஒருத்தி என்கிட்ட கேட்டாடா" என்று மட்டும் சொன்னேன்.

"கேட்டா என்ன? போன்னு சொல்ல வேண்டியதுதானே."

"போன்னு சொல்லவும் நான் யாரு?"

கதவைச் சாத்திக்கொண்டான்.

மே 2, சனி

எங்கள் கயிறு போனது, அவர்கள் கயிறு போகவில்லை. இன்னும் நாலு கம்பம் கூடுதலாக நட்டிருக்கிறார்கள். நாங்கள் விட்ட இடத்தில் பாதி அவர்களிடம். சரி, பார்ப்போம். நாங்கள் பழையபடி தண்ணீரில். கயிற்றைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே நடந்து எங்கள் இடத்துக்குப் போகிறோம். காவலாளி இப்போது ஊதுவதில்லை. கடல் ஏறும் நேரத்தை மட்டும் என்னிடம் கேட்டுக்கொள்கிறார், தன் வேலை நேரத்துக்காக என்கிறார்.

பாறை இன்று மிதந்தாள். என் கை அவளைத் தொடவில்லை. வெளியே வந்து, "மிஸ், காதுக்குள்ள ஒரு சத்தமும் இல்ல" என்று சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் வந்தது, தண்ணீரில் யாருக்குத் தெரியும்.

தம்பி ஐந்து நாளாகப் பேசவில்லை. சமைத்து வைத்தால் சாப்பிடுகிறான். தட்டைக் கழுவி வைக்கிறான்.

மே 9, சனி

இரவு சாப்பிடும்போது அவனாகவே பேசினான், தட்டைப் பார்த்துக்கொண்டு. வீட்டுக்காரர்களின் கயிற்று இடத்தை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். அளக்க இவனை அனுப்பியிருக்கிறார்கள். டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒரு கிழவர் வந்து கேட்டாராம், "சார், இந்தப் பக்கம் வரலாமா?"

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. டேப்பைப் பிடிச்சுட்டு நின்னேன்." சாதத்தைப் பிசைந்தபடி, "அவர் சார்னு கூப்பிட்டார்க்கா. என்னை" என்றான்.

இன்னும் கொஞ்சம் சாதம் போட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

மே 14, வியாழன்

தம்பி சாப்பிடும்போது ஒரே ஒரு விஷயம் சொன்னான். அளவெடுத்த காகிதம் இன்னும் அவன் மேஜையில்தான் இருக்கிறதாம். மேலதிகாரி இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

மே 17, ஞாயிறு

நேற்று அமாவாசை, இன்று காலையில் தண்ணீர் படிக்கட்டு வரை ஏறி, நாங்கள் வகுப்பு ஆரம்பிக்கும்போது இறங்கத் தொடங்கியிருந்தது. கயிற்றுக்குள் ஈர மணல் ஒரு கீற்றாக வெளியே தெரிந்தது. விருந்தாளிகளின் நாற்காலிகளைக் காவலாளி அப்போதுதான் விரித்துக்கொண்டிருந்தார்.

பொதுப்பாதையில் தம்பி வந்தான். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக ஆபீஸ் சட்டை. என்னைத் தேடி வருகிறான், வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். அவன் என் பக்கம் பார்க்கவில்லை. கயிற்றண்டை வந்து நின்றான். இரண்டு பக்கமும் பார்த்தான். காலைத் தூக்கி உள்ளே வைத்தான். நாலு எட்டு நடந்து, செருப்பைக் கழற்றி நேராக வைத்து, மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

காவலாளி அவன் அருகே போனார். குனிந்து ஏதோ சொன்னார். தம்பி பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பிறகு காவலாளி சொன்னார்: "'ஞாயித்துக்கிழமை, கடற்கரைக்கு வந்திருக்கேன்'னு சொன்னார் மேடம். அதுக்கு நான் என்ன சொல்ல?"

படிக்கட்டில் பல் டாக்டரே இறங்கி வந்தார். நகராட்சியில் பார்த்த முகம், அடையாளம் தெரிந்துவிட்டது. "நீங்க அந்த ஆபீஸ்ல..." என்று ஆரம்பித்தார்.

தம்பி எழுந்தான். அவனை அறியாமலே எழுந்தான்; பெரிய மனிதர் யாராவது முன்னால் வந்து நின்றால் அவன் கால் தானாக எழுந்துவிடும், எனக்குத் தெரியும். இதோ, மன்னிப்புக் கேட்டுவிட்டுச் செருப்பை எடுக்கப் போகிறான்.

நின்றான். டாக்டரைப் பார்த்தான். தான் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தான். "ஆமா சார்" என்றான்.

பிறகு மறுபடி உட்கார்ந்தான்.

டாக்டர் இன்னும் கொஞ்ச நேரம் பேசினார். தம்பி அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தான், தலையாட்டினான், நகரவில்லை. ஓடைப் பக்கம் நெருக்கி நின்றிருந்த கூட்டத்திலிருந்து ஒரு குடும்பம் கயிற்றுக்கு அருகே வந்து தயங்கியது. தம்பி அவர்களைப் பார்த்தான். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டான். அவர்கள் கயிற்றைத் தாண்டினார்கள். அப்புறம் இன்னொரு குடும்பம். டாக்டர் படியேறிப் போய்விட்டார்.

நாளைக்கு அவனுக்கு ஆபீஸில் என்ன காத்திருக்கிறதோ தெரியாது. தண்ணீர்த் தொட்டியாகத்தான் இருக்கும். இரண்டு பஸ். கண்டக்டரிடம் சொல்லி ஜன்னலோரம் இடம் பிடித்துத் தரச் சொல்ல வேண்டும்.

வகுப்பை முடித்துவிட்டேன். முடிந்தது என்று சத்தமாகவே சொன்னேன். முடிந்த பிறகு உட்காருவது தொழில் ஆகாது. பன்னிரண்டு பேரும் நானும் ஈரம் சொட்டச் சொட்ட நடந்து போய் அவனைச் சுற்றி மணலில் உட்கார்ந்தோம். அவன் சட்டை நனைந்தது. "தள்ளி உட்காருக்கா" என்றான். நான் தள்ளி உட்காரவில்லை.